பள்ளியைத் தொடங்கியவர் தெ வோ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சாக்கடல் சுருள்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்தப் பழங்காலச் சுருள்கள் கிடைத்த கும்ரான் குகைகளைப் பற்றித் தமிழில் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் நடுவில் ஒரு வரி இடறுகிறது. எருசலேமில் உள்ள பிரெஞ்சு விவிலியப் பள்ளியை ரோலான் தெ வோ தொடங்கினார் என்று இருக்கிறது. பள்ளி தொடங்கியது 1890-ல். தெ வோ பிறந்தது 1903-ல். 1945 முதல் 20 ஆண்டு அதன் இயக்குநராக இருந்தார், கும்ரானைத் தோண்டினார், எல்லாம் சரி. தொடங்கியவர் வேறொருவர்: மரி-ஜோசப் லக்ரான்ஜ், தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு.

வெறும் ஆண்டுக் குழப்பம் என்றால் சும்மா இருந்திருப்பேன். விடுபட்ட ஆள் அப்படிப்பட்டவர், அதனால்தான் எழுதுகிறேன்.

1855-ல் பிரான்சில் பிறந்தவர். முதலில் சட்டம் படித்து முனைவர் பட்டம் வாங்கினார், அப்புறம்தான் சபையில் சேர்ந்தார். சேர்ந்த மறு வருடமே அரசாங்கம் துறவிகளை வெளியேற்ற, ஸ்பெயினுக்குப் போய்ப் படித்து அங்கேயே குருப்பட்டம் பெற்றார். முப்பது வயதுக்கு மேல் வியன்னாவில் செமித்திய மொழிகள் படித்துக்கொண்டிருந்தபோது, எருசலேமில் ஒரு விவிலியப் பள்ளி தொடங்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1890 நவம்பர் 15 அன்று பள்ளி திறந்தது. இடம் எது தெரியுமா? துருக்கியர் காலத்துப் பழைய கசாப்புக்கூடம். மாடுகளைக் கட்டும் வளையங்கள் அப்போதும் சுவரில் இருந்தனவாம். வேதம் எந்த மண்ணில் பிறந்ததோ அந்த மண்ணில் வைத்தே அதைப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் ஒட்டகத்தில் சீனாய்வரை போய் வந்தார்கள். 1892-ல் ஆய்விதழும் வந்துவிட்டது.

சிக்கல் எபிரேயத்தில்தான் தொடங்கியது. இதைப் புரிந்துகொள்ள எபிரேயம் தெரிய வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பே போதும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் படைக்கிறவர் 'தேவன்'. இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து அவர் 'தேவனாகிய கர்த்தர்' ஆகிவிடுகிறார். மூலத்தில் முன்னது ஏலோகிம், பின்னது யாவே ஏலோகிம். நோவா கதைக்கு வாருங்கள். ஆறாம் அதிகாரத்தில் ஒவ்வொரு உயிரிலும் ஒரு ஜோடி. ஏழாம் அதிகாரத்தில் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி. ஆதியாகமம் முதல் உபாகமம் வரை ஐந்து நூலையும் மோசேதான் எழுதினார் என்பது மரபு. ஆனால் மோசே இறந்து அடக்கமானதும் அந்த நூலிலேயே வருகிறது. ஐந்து நூலையும் ஒரே கை எழுதியிருக்குமா? 1897-ல் ஃபிரிபூர்க் நகரில் நடந்த கத்தோலிக்க அறிஞர் மாநாட்டில் லக்ரான்ஜ் இதை வெளிப்படையாகப் பேசினார். பழைய மரபுகள் பல சேர்ந்து வந்த நூல் என்று சொல்வதால் அது இறைவாக்கு இல்லாமல் போய்விடாது என்பது அவர் வாதம்.

ரோம், அதாவது திருச்சபைத் தலைமை, முதலில் அவரைத் தள்ளிவைக்கவில்லை. 1903-ல் திருத்தந்தையின் விவிலியக் குழுவுக்கு ஆலோசகராகவே ஆக்கியது. அதே வருடம் நீதித் தலைவர்கள் (நியாயாதிபதிகள்) நூலுக்கு அவர் எழுதிய உரையும் வெளிவந்தது. தொடக்க நூல், அதாவது ஆதியாகமம், அதன் உரைக்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை. 1906-ல் அதே விவிலியக் குழு, அந்த ஐந்து நூலுக்கும் மோசேதான் ஆசிரியர் என்ற மரபை ஆதரித்துத் தீர்ப்புச் சொன்னது. வாழ்நாள் முழுக்க எதற்காகத் தயாரானாரோ அந்தப் புத்தகம் கடைக்கு வரவேயில்லை. ஐம்பது வயதில் பழைய ஏற்பாட்டை மூடிவைத்துவிட்டுப் புதிய ஏற்பாட்டுக்குப் போனார். 1911-ல் மாற்கு உரை வந்தது. மறு வருடமே, அவருடைய பல எழுத்துகளைக் குருமடங்களில் பாடமாக வைக்கக் கூடாது என்று ரோமிலிருந்து ஆணை வந்தது. பணிந்து கடிதம் எழுதினார், எருசலேமை விட்டுப் போனார். 1913-ல் திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து எழுதினார்: லூக்கா, மத்தேயு, 1925-ல் யோவான்.

அடங்கிப் போனவர் என்று சிலர் குறை சொல்லலாம். அதே காலத்துப் பிரெஞ்சு விவிலிய அறிஞர் லுவாசி அடங்கவில்லை. 1908-ல் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். லக்ரான்ஜ் உள்ளேயே இருந்ததால் பள்ளி பிழைத்தது, அங்கே பின்னால் தெ வோ வர முடிந்தது. இருந்தாலும் அந்தத் தொடக்க நூல் உரையை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. 1938-ல் அவர் இறந்தார். ஐந்தே வருடத்தில், 1943-ல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தமது சுற்றுமடலில் மூலமொழிகளையும் இலக்கிய வகைகளையும் பார்த்துத்தான் வேதத்துக்குப் பொருள் சொல்ல வேண்டும் என்று எழுதினார்.

சில வருடங்களுக்கு முன் திருநாட்டுப் பயணம் போனபோது, எருசலேமின் தமஸ்கு வாசலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை என்று சிலர் நம்பும் கல்லறைத் தோட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஒட்டினாற்போல் அடுத்த வளாகம்தான் இந்தப் பள்ளியும் தூய ஸ்தேவான் கோயிலும். 1967-ல் பிரான்சிலிருந்து கொண்டுவந்த லக்ரான்ஜின் உடல் அந்தக் கோயிலில்தான் இருக்கிறது. எங்கள் வழிகாட்டி சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. பஸ் ஏறிவிட்டோம்.

அடுத்த இதழில் இரண்டு வரி இடமிருந்தால் அந்தப் பெயரைத் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை