இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கற சார், மிஸ் எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

நான் சாயங்காலம் வீட்டுல டியூஷன் எடுக்கறவ. பிள்ளைங்க கொண்டுவர்ற நோட்டுல "காமன் எரர்ஸ்"னு நீங்க எழுதிப்போட்ட லிஸ்ட் இருக்கும். ரிட்டர்ன் பேக், ரிபீட் அகெய்ன், டிஸ்கஸ் அபவுட், கசின் பிரதர், நல் அண்ட் வாய்ட் (பத்திரத்துல "செல்லாது"ன்னு சொல்ற சொல்)னு எல்லாத்தையும் ஒண்ணா போட்டு, ஒரே அர்த்தத்தை ரெண்டு தடவை சொல்றது தப்புன்னு சிவப்புல அடிச்சிருப்பீங்க. ஏன்னு ஒரு வரி கிடையாது. அதான் எனக்கு ஆதங்கம்.

ரிட்டர்ன் பேக் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பிள்ளை சும்மா எழுதல. தமிழ்ல "திருப்பிக் குடு"ன்னு ரெண்டு சொல் வருது, ரிட்டர்ன்னா குடுக்கறதுன்னு அது நினைச்சுக்குது, அப்ப திருப்பிக்கு ஒண்ணு வேணுமேன்னு பேக்கை சேர்க்குது. லத்தீன்லருந்து வந்த அந்த "ரி"க்குள்ளயே திரும்பங்கற அர்த்தம் இருக்குன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க, ரிபீட் அகெய்னும் ரிவர்ட் பேக்கும் சேர்ந்தே போயிடும். டிஸ்கஸ் அபவுட்டும் இதே கதைதான், "அதைப் பத்திப் பேசு"ல இருக்கற பத்திதான் அந்த அபவுட். டிஸ்கஸ்ங்கற வினைச்சொல்லுக்கு அது வேண்டாம், ஆனா டிஸ்கஷன்னு பெயர்ச்சொல்லா வந்தா அபவுட் போடலாம். இதைச் சொல்லாம விட்டா பிள்ளை அங்கயும் பயந்து எடுத்துடுது.

கசின் பிரதரை ரொம்ப கேவலமா பேசறீங்க, அது எனக்கு தாங்கல. கசின்னு மட்டும் சொன்னா ஆணா பொண்ணான்னே தெரியாது. நம்ம வீடுகள்ல சித்தப்பா பையன், பெரியம்மா பையன் அண்ணன் தம்பி முறை, மாமா பையன், அத்தை பையன் கட்டிக்கற முறை. கசின் பிரதர்னு சொல்ற பொண்ணு "இவன் எனக்கு அண்ணன் முறை"ன்னு சொல்லுது, அந்த ரெண்டாவது சொல் வெட்டியா வரல. பரீட்சையில கசின்னு மட்டும் எழுதுன்னு சொல்லுங்க, நியாயம். அறிவில்லாம பேசறாங்கன்னு சொல்லாதீங்க.

நல் அண்ட் வாய்டை லிஸ்ட்ல சேர்த்ததுதான் பெரிய தப்பு. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கப்புறம் கோர்ட்டு, சட்டம் எல்லாத்துலயும் லத்தீனும் பிரெஞ்சும் வந்து உக்காந்துச்சு. கோர்ட்டுல வாதம் இங்கிலீஷ்ல நடக்கணும்னு 1362லதான் சட்டமே போட்டாங்க. அந்தக் கலப்புல ரெண்டு மொழிச் சொல்லையும் ஜோடியா எழுதற பழக்கம் ஊறிப்போச்சு. உயிலைச் சொல்ற வில் அண்ட் டெஸ்டமென்ட்ல வில் பழைய இங்கிலீஷ், டெஸ்டமென்ட் லத்தீன். தகுதியானதுன்னு சொல்ற ஃபிட் அண்ட் ப்ராப்பர்ல ஃபிட் இங்கிலீஷ், ப்ராப்பர் பிரெஞ்சு. அப்புறம் ஒரே மொழிச் சொல்லையே ஜோடியாக்கறதும் சகஜமாச்சு, நல் அண்ட் வாய்ட் அந்த ரகம். நூத்துக்கணக்கான வருஷமா பத்திரத்துல நிக்கற சொல்லை ரிட்டர்ன் பேக் கூட சேர்க்கலாமா?

இந்த வித்தியாசம் நமக்கு புதுசும் இல்லை. நன்னூல்ல "கூறியது கூறல்" பத்து குற்றத்துல ஒண்ணு, அதே நன்னூல்தான் ஒருபொருட்பன்மொழி, அதாவது ஒரே அர்த்தம் உள்ள சொற்கள் சேர்ந்து வர்றது, சிறப்புக்காக வந்தா தப்பில்லன்னும் சொல்லுது. உதாரணத்துக்கு, மீமிசைன்னா மீயும் மேலதான், மிசையும் மேலதான். ஞாண்னாலே கயிறு, ஆனா அரைஞாண் கயிறுன்னு சொல்றவங்கள யாரும் திருத்தறதில்ல.

அதனால அடுத்த தடவை லிஸ்ட் குடுக்கும்போது மூணா பிரிச்சு குடுங்க: கண்டிப்பா விடவேண்டியது, வீட்டுல பேசலாம் ஆனா பரீட்சையில வேண்டாம்ங்கறது, வழக்கத்துல நிலைச்சதுனால தொடவே கூடாதது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல காரணம் ஒரு வரி எழுதுங்க. தப்பா சொன்ன பிள்ளைய எழுப்பி நிக்கவெச்சு கிளாஸே சிரிக்க விடாதீங்க, அதுக்கப்புறம் அது இங்கிலீஷ்ல வாயத் திறக்கவே யோசிக்குது.