பாப்பாவுக்கு, உன் பட்டியல் பற்றி

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. தேனீ, ஆடு, கோழி, பாலாடைக்கட்டி, சோப்பு, நூல் நூற்பது, கொல்லுலை, காய்கறியைப் புட்டியில் அடைப்பது, மழைநீர், விதை சேமிப்பு, மரம் அறுப்பது. எதை முதலில் கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறாய். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு கேட்ட முதல் கேள்வி. அதற்கும் அப்பா பதில் சொல்லவில்லை என்றால் எப்படி.

நிலம் வாங்கிய புதிதில் நீ காட்டிய பட்டியலில் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் உனக்கு, மறு பக்கம் மாப்பிள்ளைக்கு என்று பிரித்திருந்தாய். இதில் கோடு இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எது பிடிக்கும், எது லாபம் என்று பார்த்துப் பிரிக்காதே. ஒரு நாள் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துப் பிரி. சோப்பு காத்திருக்கும். எருக்குழி காத்திருக்கும். இலைதழையும் சாணமும் சேர்ந்த குவியல் ஒரு வாரம் கிளறாமல் கிடந்தால் மெதுவாக மக்கும், அவ்வளவுதான். ஆடு காத்திருக்காது. பால் வேண்டுமென்றால் அது குட்டி போட வேண்டும். சினைக்காலமே 5 மாதம். அதன்பின் காலையும் மாலையும் கறக்க வேண்டும். விட்டால் மடி கட்டிக்கொள்ளும், நோய் வரும். ஒற்றை ஆடு வளர்க்கலாம் என்று நினைக்காதே, துணையில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். குறைந்தது இரண்டு வேண்டும். உனக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு யார் கறப்பது? மாப்பிள்ளை கறப்பார் என்றால் சரி. பட்டியலில் ஆட்டுக்கு எதிரே அவர் பெயரை எழுதி அனுப்பு, இந்தப் பத்தியை அடித்துவிடுகிறேன்.

கோழி கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் இருட்டும் முன் கூண்டை அடைக்க ஒரு ஆள் தினமும் அங்கே இருந்தாக வேண்டும். தேனீயை ஓரிரு வாரம் பார்க்காமல் விடலாம், கூட்டம் பிரிகிற பருவத்தில் அதுவும் முடியாது. பெரிய பெட்டியின் ஓர் அடுக்கு தேன் நிறைந்தால் 30 கிலோவைத் தாண்டும். தேனீ சுற்றிப் பறக்க, குனிந்து, தனியாளாகத் தூக்க உன் முதுகு தாங்குமா? கல்லூரி நாளிலேயே அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்தவள் உன் அம்மா.

அதனால் முதல் வருஷத்துக்கு என் கணக்கு: தண்ணீர், மண், கருவி. மற்றது அப்புறம்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் என்றால் 1000 லிட்டர். ஒழுகலும் தெறிப்பும் போக கொஞ்சம் குறையும். கூரைத் தூசியோடு வரும் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதே. 1000 லிட்டர் என்பது ஒரு டன் எடை, அடித்தளம் போடாமல் தொட்டியை வைக்காதே. மண்ணைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். விதையில் தக்காளியும் பீன்ஸும் வைத்துத் தொடங்கு, அவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பூசணி பக்கத்துக் கொடியோடு கலந்துவிடும். கலப்பின விதையை எடுத்து வைத்தால் அடுத்த முறை என்ன முளைக்கும் என்று சொல்ல முடியாது.

கருவியைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. ஆயுசு முழுக்கப் பட்டறையில் நின்றவன். எல்லாரும் கருவி வாங்கப் பழகுகிறார்கள், தீட்டப் பழகுவதில்லை. மண்வெட்டி, அரிவாள், கோடரி மூன்றுக்கும் ஓர் அரம், ஒரு சாணைக்கல் போதும். அரத்தை முன்னே தள்ளும்போதுதான் அது அறுக்கும். திரும்பும்போது தூக்கிவிடு, இழுத்துத் தேய்த்தால் பல் மழுங்கும். பழைய சரிவையே பிடித்துக்கொண்டு போ, புதுக் கோணம் கண்டுபிடிக்காதே. ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கம் விரலை மெதுவாக ஓட்டினால் பிசிறு தட்டும். தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. கோடரிப் பிடி வாங்கும்போது முனையைப் பார். மரத்தின் ரேகை வெட்டுவாய் போகும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கி அடிக்கும்போது உடையும். மழுங்கிய கருவிதான் கையைப் பதம் பார்க்கும், ஏனென்றால் அதைப் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்.

மூன்று வேலைகளை மட்டும் திரையில் பார்த்துக் கற்காதே, தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள். மரம் சாய்ப்பது ஒன்று. பழைய கிணற்றில் இறங்குவது இன்னொன்று. அடியில் கெட்ட காற்று நிற்கும், மூக்குக்குத் தெரியாது. அதில் தனியாக இறங்கவே கூடாது, கேட்டாயா. மூன்றாவது, புளிப்பில்லாத காய்கறியைப் புட்டியில் அடைப்பது. புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6-க்கு மேல் இருந்தால், அதாவது புளிப்பு குறைவாக இருந்தால், வெறும் கொதிநீர் போதாது. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து 100 டிகிரியில் சாகாது. அழுத்தக் கலனில் 116 முதல் 121 டிகிரி வரை போக வேண்டும். கெட்டது வாசனையிலும் தெரியாமல் போகலாம். காய வைத்துச் சேமி, அது போதும்.

நீ வேலையை விட்டதை உறவில் யார் கேட்டாலும் நான் தலை நிமிர்ந்துதான் பதில் சொல்கிறேன். நீ அனுப்பிய வாசல் கதவின் படத்தை எல்லாருக்கும் காட்டினேன். குறுக்குச் சட்டம் கீழ்க் கீலிலிருந்து மேலே தாழ்ப்பாள் பக்கம் ஏறுகிறது. பழகிய தச்சர்களே அதைத் தலைகீழாகப் போட்டு, கதவு தொங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். என் பெண் சரியாகப் போட்டிருக்கிறாள். ஆனால் ஒன்று. அத்தனை கனமான கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கீலை முடுக்க முடியாது. பிடித்தது யார்? அடியில் கல்லை முட்டுக்கொடுத்தேன் என்று சொன்னாலும் நம்புகிறேன். எதையாவது சொல்.

மூன்று வரிக்கு மேல் எழுதக் கை வலிக்கிறதா உனக்கு? பட்டியலுக்கு மட்டும் இத்தனை வரி.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தம்பி வேலை மாறியிருக்கிறான், அதை அவனே சொல்வான். வேறு விசேஷம் இல்லை.

கூரைக்கு வாய்க்கால் தகடு மாட்ட ஏணி ஏறியாக வேண்டும். அதற்குக் கீழே பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மாப்பிள்ளை இருந்தால் அவர் பிடிக்கட்டும், நான் தேநீர் போட்டுத் தருகிறேன். இல்லையென்றால் நான் பிடிக்கிறேன். இரண்டுமே எனக்குச் சம்மதம்தான், பாப்பா. என் அரங்களைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். எந்த வாரம் வரட்டும்? அதற்குள் நீ ஏறாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஊசி போட்டாயா இல்லையா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். ஆட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே?