இசைவாணையோடு தமிழில் ஒரு தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆலை நடத்தத் தரும் அனுமதியான இசைவாணை இல்லாமல் ஓடிய ஆலைக்குச் சீல் வைத்தார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. இசைவாணையைக் கண்ணாடி போட்டு அலுவலக அறையில் மாட்டிவைத்துக்கொண்டே விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வாங்கும் சிறு பட்டறைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆணை ஆங்கிலத்தில் இருக்கிறது.

நீர்ச் சட்டம் (1974), காற்றுச் சட்டம் (1981) இரண்டின் கீழும் தனித்தனி ஆணை வரும். முதலில் பெயர், சர்வே எண், காலாவதி தேதி. பட்டறைக்காரர் பார்ப்பது அதோடு சரி. அதற்குப் பின்னால் வரும் அட்டவணைகளில்தான் விஷயமே இருக்கிறது: என்ன பொருள், மாதம் எவ்வளவு, கழிவுநீர் நாளைக்கு எத்தனை கிலோலிட்டர், எங்கே விடுவது, எந்தப் புகைபோக்கி, தரையிலிருந்து எத்தனை மீட்டர்.

இரும்புச் சாமான்களுக்குப் பாஸ்பேட்டிங் என்ற ரசாயனக் குளியல் கொடுத்து, பவுடர் கோட்டிங் என்ற பொடிப்பூச்சு போடும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மாதம் இவ்வளவு டன் என்று ஆணை சொல்லும். ஆர்டர் கூடினால் இன்னொரு ஷிப்ட் ஓடும். புதுச் சாமான் ஒன்றும் சேரும். வாரியத்தின் பார்வையில் அது விரிவாக்கம். அதற்கு முதலில் நிறுவுவதற்கான இசைவு, பிறகு இயக்குவதற்கான இசைவு என்று மறுபடி வாங்க வேண்டும். ஆணையையும் ஜி.எஸ்.டி. பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அனுமதித்த அளவு தாண்டியது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு நாளைக்கு 45 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. 40 பேர் என்றால் 1.8 கிலோலிட்டர். விண்ணப்பத்தை நிரப்பியவர் கை போன போக்கில் 0.5 என்று போட்டிருப்பார். செப்டிக் டேங்கும் அந்த அளவுக்கே காட்டப்பட்டிருக்கும். இ.டி.பி. எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மீட்டர், உள்ளே வரும் தண்ணீருக்கும் சுத்திகரித்து வெளியேறும் தண்ணீருக்கும் தனித்தனி ஃப்ளோ மீட்டர், தினசரிப் பதிவேடு என்று நிபந்தனை இருக்கும். மீட்டர்களை மாட்டிவிட்டுப் பதிவேட்டை மாதக் கடைசியில் ஒரே பேனாவால் நிரப்புவார்கள். ஆய்வுக்கு வருபவர் மின் யூனிட்டையும் கழிவுநீர் அளவையும் ஒப்பிடுவார். தண்ணீர் ஓடியிருக்கிறது, பம்பும் காற்று ஊதும் புளோயரும் கரண்ட் இழுக்கவில்லை என்றால் பைபாஸ், அதாவது சுத்திகரிக்காமலே வெளியே விட்டார்கள் என்றுதான் முடிவு கட்டுவார். பதிவேடு எழுதும் ஆபரேட்டருக்கு இந்தத் தொடர்பை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜெனரேட்டர் புகைபோக்கிக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டர் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டரைக் கூட்ட வேண்டும். 125 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் சுமார் 2.24 மீட்டர். கட்டடம் 6 மீட்டர் என்றால் ஆணையில் தரையிலிருந்து 8.24 என்று வரும். வெல்டர் அந்த 8.24-ஐக் கூரையிலிருந்து அளக்கிறாரா, தரையிலிருந்தா என்று யாரும் கேட்பதில்லை. மேலே ஒரு தளம் எழுப்பினால் குழாயும் உயர வேண்டும் என்பது எவருக்கும் நினைவிருக்காது.

எல்லாவற்றையும்விட அதிகம் சறுக்குவது அபாயகரக் கழிவு விஷயத்தில். பெயரைக் கேட்டதும் ஏதோ ரசாயன ஆலைக்கு உரியது என்று நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் பட்டியலில் பழைய எண்ணெய்க்கு எண் 5.1, ரசாயனம் இருந்த காலி டிரம்முக்கு 33.1, சுத்திகரிப்பு நிலைய ஸ்லட்ஜுக்கு, அதாவது கசடுக்கு, 35.3. காலி டிரம்மைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது நம் ஊரில் யாருக்கும் தவறாகவே தெரியாத தவறு. இவற்றுக்குத் தனி அங்கீகாரம் வேண்டும். அதன் காலாவதி தேதி இசைவாணையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. டிரம்மில் படிவம் 8 லேபிள், இருப்புக்குப் படிவம் 3, லாரியில் ஏற்றும்போது படிவம் 10. கழிவைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும், படிவம் 10-இன் நீலப் பிரதி வந்து சேராவிட்டால் கழிவு எங்கே போனது என்பதற்குச் சான்று இல்லை. ஆண்டுக் கணக்கைப் படிவம் 4-இல் ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையான படிவம் 5 வேறு. அதற்குச் செப்டம்பர் 30. ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டும் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் போட்டுத்தரும் ஆலோசகர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு பழக்கம் கெடுதலானது: இணையதளத்தில் பதிவு செய்யும்போது தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார்கள். வாரியம் கேள்வி கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பினால் அது உரிமையாளருக்குத் தெரியாது. நான்கு மாதம் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று நீர்ச் சட்டம் சொல்வதை நம்பி அவர் காத்திருப்பார். விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையாக இருந்தால்தான் அந்தச் சலுகை. திருப்பப்பட்ட விண்ணப்பத்தை வைத்து அதைக் கோர முடியாது. ஆலையின் சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் இசைவுக் கட்டணத்தில் வரும் சிக்கலும் இப்படி முளைப்பதே. நிலம், கட்டடம், இயந்திரம் மூன்றையும் தேய்மானம் கழிக்காத மதிப்பில் காட்ட வேண்டும். ஆடிட்டர் வழக்கம்போலக் கழித்த மதிப்பைத் தருவார். கட்டணம் குறையும், விண்ணப்பம் திரும்பும். இசைவு மறுக்கப்பட்டாலோ, ஒரு நிபந்தனை பொருந்தாது என்று பட்டாலோ மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. ஆணையைப் படித்தவருக்குத்தானே அது பயன்படும்?

அபாயகரக் கழிவு உண்டாகும் ஆலையின் வாசலில் வைக்கும் தகவல் பலகை தமிழிலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். தெருவில் போகிறவருக்குத் தமிழில் சொல்வதை, வால்வைத் திருப்புகிறவருக்கும் தமிழில் சொல்லலாம். 1956-இலேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்த மாநிலம் இது.

ஆணை முழுவதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஒவ்வோர் இசைவாணையோடும் தமிழில் ஒரே ஒரு தாள் போதும். அந்தப் பட்டறைக்கு அனுமதித்த பொருளும் அளவும், கழிவுநீர் லிட்டரும் அது போகுமிடமும், புகைபோக்கி உயரம் தரையிலிருந்து என்ற குறிப்போடு, எழுத வேண்டிய பதிவேடுகள், ஜூன், செப்டம்பர் தேதிகள், காலாவதி தேதிகள். இந்த எண்களெல்லாம் வாரியத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ்த் தலைப்புகளோடு அச்சிட்டால் வேலை முடிந்தது. அதுவரை உரிமையாளர்கள் ஆணையின் அட்டவணைகளைத் தாங்களே ஓர் அட்டையில் எழுதி இ.டி.பி. பேனல் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். பதிவுக் கணக்கில் தங்கள் சொந்த எண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

தமிழ் என்றதும் அகராதியைப் புரட்ட வைக்கும் கலைச்சொற்களைக் கொட்டிவிட வேண்டாம் என்றும் ஒரு வேண்டுகோள். ஸ்லட்ஜ், டிரம், மீட்டர் என்று பட்டறையில் புழங்கும் சொல்லே இருக்கட்டும். பிரிவு எண்களும் விதிகளும் ஆங்கில ஆணையிலேயே இருந்துகொள்ளட்டும். வழக்கென்று வந்தால் அதுவே செல்லும் என்று தாளின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் இசைவுப் பணிகளில் உள்ள பொறியாளர்கள்,
கோயம்புத்தூர்