880-இல் இனி செய்தி வராது

எடிசன், நியூ ஜெர்சி
13 அக்டோபர் 2024

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் இருவரும் நலம். நான் ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் காலை நாலரைக்கு விழிப்பு வருவது இன்னும் நிற்கவில்லை. மகன் புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறான். அந்தக் காரைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

அப்பாவின் மர்ஃபி ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, புதுப் பேட்டரிக் கட்டை போட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நான்கு தடவை படித்தேன். ரேடியோ உயிரோடுதான் இருக்கிறது, திருச்சி நிலையம்தான் இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது என்றாய். எனக்கும் ஒரு நிலையம் போய்விட்டது மாப்ளே. ஆகஸ்டிலேயே உனக்கு எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

நியூயார்க்கில் டபிள்யூ.சி.பி.எஸ். 880 என்று ஒரு ஏ.எம். நிலையம். நம் ஊர் அறிவிப்பாளர்கள் மத்திய அலை என்பார்களே, அதுதான். பாட்டு கிடையாது, நாடகம் கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் செய்தி. 1967 ஆகஸ்ட் 28-ஆம் தேதி அப்படி ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு சிறிய விமானம் மோதி அவர்களுடைய ஒலிபரப்புக் கோபுரமே விழுந்துவிட்டது. அப்படியும் நாள் தள்ளவில்லை. கையிலிருந்த எஃப்.எம். நிலையத்தில் செய்தியை வாசித்துத் தொடங்கிவிட்டார்கள். அந்த நிலையம் 57 வருடம் ஓடி, இந்த ஆகஸ்ட் 26 பிறந்த நள்ளிரவோடு நின்றுபோனது. இப்போது அதே 880-இல் விளையாட்டுப் பேச்சு. நிலையத்தின் பெயர் எழுத்துகளையும் மாற்றிவிட்டார்கள்.

அது எனக்கு என்னவாக இருந்தது என்று உனக்குச் சொல்கிறேன். இருபத்தைந்து வருடம் இங்கிருந்து பிராங்க்ஸ் வரை காரில் போய் வந்தேன். அந்த நிலையத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போக்குவரத்தும் வானிலையும் சேர்த்துச் சொல்வார்கள். எப்போதும் எட்டில் முடிகிற நிமிடத்தில்தான். 6.08, 6.18, 6.28 என்று போகும். டர்ன்பைக் சாலை நெவார்க்கைத் தாண்டியதும் கிழக்குக் கிளை, மேற்குக் கிளை என்று இரண்டாகப் பிரியும். எதில் போவது என்று அந்த இடத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். அதனால் 6.28 அறிவிப்பு காதில் விழும்போது நான் பிரிவுக்கு ஒரு மைல் முன்னால் இருக்கிற மாதிரி வீட்டில் காபி குடிக்கும் நேரத்தையே அமைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். மேல்தளத்தில் இருபது நிமிடம், கீழ்தளத்தில் பத்து நிமிடம் என்று சொன்னால் கீழே விடுவேன். கீழ்தளத்தில் தலைக்கு மேல் இரும்பும் கான்கிரீட்டும் என்பதால் ரேடியோ மங்கிப்போகும். மறுகரை வந்ததும் குரல் திரும்பி வரும். நான் சோர்ந்துபோயிருந்த நாட்களில்கூட அந்த இடத்தில் மனசு ஒரு துளி லேசாகும்.

இப்போதுதான் போனே வழி சொல்கிறதே என்று மகன் கேட்டான். சொல்கிறது, ரொம்ப நன்றாகவே சொல்கிறது. ஆனால் என் வழியை மட்டும் சொல்கிறது. 880-இல் நான் போகவே போகாத லாங் ஐலண்ட் சாலையில் லாரி கவிழ்ந்ததும், குவீன்ஸில் ஒரு வீடு எரிந்ததும், நகரசபையில் எதற்கோ ஓட்டெடுப்பு நடந்ததும் காதில் விழும். நான் கேட்காததை எனக்குச் சொல்லும். இந்த ஊர் எனக்கு ஊராக ஆனது அப்படித்தான். வந்த புதிதில் ஒரு மனிதரையும் தெரியாது, ஆனால் எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்தது என்று தெரியும். போனில் நாம் தேடுவது கிடைக்கிறது. தேடத் தோன்றாதது எப்படி வரும், சொல்லு.

2001 செப்டம்பர் 11 அன்று மகனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாமதமாகக் கிளம்பினேன். 8.48-க்கு வழக்கமான போக்குவரத்து நிலவரம். ஹெலிகாப்டரிலிருந்து டாம் காமின்ஸ்கி பேசுவார், தினமும் கேட்கிற குரல். உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதி இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. பாலத்தில் எவ்வளவு நேரம் என்று காத்திருந்த எனக்கு அவர் அந்தக் கட்டடத்திலிருந்து புகை வருவதைச் சொன்னார். நெவார்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன், தூரத்தில் புகை. எல்லா வண்டியும் மெதுவாகிவிட்டது. கண்ணாடி இறக்கியிருந்த கார்களிலிருந்து அதே குரல் கேட்டது. அதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நகரத்தின் தொலைக்காட்சி நிலையங்களில் பலவும், எஃப்.எம். நிலையங்கள் சிலவும் அந்த வடக்குக் கோபுரத்தின் உச்சியில்தான் ஆண்டெனா வைத்திருந்தன. கோபுரம் விழுந்ததும் அவை போய்விட்டன. பொது வானொலியான டபிள்யூ.என்.ஒய்.சி.யின் எஃப்.எம். அப்படித்தான் போனது, அதே நிலையத்தின் ஏ.எம். 820 தொடர்ந்து பேசியது. ஏ.எம். கோபுரத்தை உயரமான கட்டடத்தின் மேல் வைப்பதில்லை, ஈரமான தாழ்ந்த நிலத்தில் நடுவார்கள். கோபுரமே ஆண்டெனா, அடியில் செம்புக் கம்பிகளைச் சுற்றிலும் பரப்பிப் புதைத்திருப்பார்கள். அலை நிலத்தைத் தொட்டுக்கொண்டே போகும்.

அப்புறம் 2012-இல் சாண்டி புயல். அக்டோபர் 29 சாயங்காலம் போன கரண்ட் எட்டு நாள் வரவில்லை. செல்போனும் செத்துவிட்டது. நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது திருச்சி ஜங்ஷனில் நீ என் சட்டைப் பையில் திணித்த பாக்கெட் ரேடியோ ஞாபகமிருக்கிறதா? முள்ளைத் திருப்பித் தேடுகிற ரேடியோ என்பதால், நிலையங்களுக்கு நடுவே இடைவெளி வேறாக இருக்கிற இந்த நாட்டிலும் தடையில்லாமல் வேலை செய்தது. சமையல் மேடையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் அந்த ரேடியோ. மூன்று பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டோம். பெட்ரோலுக்கு முறை வைத்திருக்கிறார்கள், எங்கள் மிடில்செக்ஸ் உட்பட 12 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) வண்டி எண் ஒற்றைப்படையில் முடிந்தால் ஒற்றைப்படைத் தேதியில்தான் போட முடியும் என்பதை அதில்தான் தெரிந்துகொண்டோம். எதிர்வீட்டுப் போலந்துக் கிழவி தினமும் ஆறு மணிக்கு வந்து கதவருகே நின்று கேட்டுவிட்டுப் போவார். அவர் வீட்டில் ரேடியோ கிடையாது.

அப்படிப்பட்ட நிலையத்தை ஏன் மூடினார்கள் என்று நீ கேட்பாய். கணக்குத்தான். செய்தி நிலையம் என்றால் ராத்திரி மூன்று மணிக்கும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். செய்தியாளர், எழுதுகிறவர், வாசிக்கிறவர், ஹெலிகாப்டர். அதன் உரிமையாளர் ஆடசி என்ற நிறுவனம், 2017-இல் என்டர்காம் என்ற பெயரில் இருந்தபோது சி.பி.எஸ். வானொலி நிலையங்களையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கடன் ஏறி, இந்த ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இன்னொரு செய்தி நிலையமான 1010 வின்ஸும் அவர்களுடையதே. ஒரே ஊரில் இரண்டு எதற்கு என்று தோன்றியிருக்கும். 1996-க்கு முன்னால் ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையம்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு இருந்தது. அந்த வருடம் சட்டத்தை மாற்றி வரம்பை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் சீக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

நிலத்துக்கும் விலை ஏறிவிட்டது. வாஷிங்டன் பக்கத்தில் பெதஸ்டாவில் டபிள்யூ.எம்.ஏ.எல். நிலையத்தின் கோபுரங்கள் நின்ற சுமார் 75 ஏக்கரை வீடு கட்ட விற்று, 2020-இல் கோபுரங்களைச் சாய்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1924-இலிருந்து இருந்த கே.ஜி.ஓ. 810, 2022-இல் பேச்சையும் செய்தியையும் விட்டுவிட்டு விளையாட்டுப் பந்தயத்துக்கு மாறியது. ஒவ்வொன்றும் தன் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த நிலையம்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். மகனின் காரில் ஏ.எம். இல்லை. எலெக்ட்ரிக் காரின் மோட்டாரும் இன்வெர்ட்டரும் எழுப்புகிற மின் இரைச்சல் ஏ.எம். அலைக்குள் புகுந்துவிடும். அதை அடக்கக் கவசம் போடுவதற்குப் பதில் சில கம்பெனிகள் ஏ.எம்.மையே எடுத்துவிட்டன. ஃபோர்டும் எடுக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் 2023-இல் பின்வாங்கியது. எல்லாக் காரிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்று ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் நிற்கிறது. எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள், எதிலும் ஒத்துப்போகாத எட் மார்க்கியும் டெட் க்ரூஸும் சேர்ந்து கொண்டுவந்தது. சட்டமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். போன மாதம் ஹெலீன் புயலில் வட கரோலினா மலைப் பகுதியில் செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதை அங்குள்ளவர்கள் உள்ளூர் வானொலியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 880 நின்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

கடைசி ராத்திரி நீ கொடுத்த ரேடியோவை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் போடுகிற இரைச்சலில் சரியாகக் கேட்பதில்லை. பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டார்கள். நள்ளிரவு தாண்டியதும் வேறு குரல். அணைத்துவிட்டேன். உடனே உள்ளே போக மனமில்லாமல் மறுபடி போட்டு, முள்ளைச் சும்மா திருப்பினேன். ராத்திரியில் மத்திய அலை மேலே போய் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் இறங்கும். 1030-இல் பாஸ்டன். 1020-இல் பிட்ஸ்பர்க். 780-இல் சிகாகோவின் செய்தி நிலையம், ஏறி இறங்கி அலையடித்துக்கொண்டு. மிச்சிகன் ஏரிக்கரைச் சாலையில் எங்கே நெரிசல் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டேன்.

நம் திருச்சியை நினைத்துக்கொண்டேன். "மத்திய அலை 320.5 மீட்டர், அதாவது 936 கிலோ ஹெர்ட்ஸ்" என்று அந்த அம்மா சொல்லும்போது உன் அப்பா திண்ணையில் செம்பைக் கீழே வைப்பார். ஏழே காலுக்கு டெல்லிச் செய்தி முடிகிறவரை யாரும் பேசக் கூடாது. ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை அவர் கடைசிவரை 'ரேடியோ நெல்லு' என்றுதானே சொன்னார்? வானொலியில் கேட்டு விதைத்ததால் தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் அதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிற்பாடு இங்கே யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை, ஒரு நெல்லுக்கு ரேடியோ பெயரா என்று.

இப்போது 1010 வின்ஸ் கேட்கிறேன். "22 நிமிடம் கொடுங்கள், உலகத்தைத் தருகிறோம்" என்கிற நிலையம். பின்னால் டெலிபிரிண்டர் தட்டுகிற சத்தம் இன்னும் உண்டு. 2022-இலிருந்து எஃப்.எம்.மிலும் வருகிறது. நல்ல நிலையம், குறை சொல்ல மாட்டேன். அங்கே போக்குவரத்து ஒன்றில் முடிகிற நிமிடத்தில் வரும். நான் இன்னும் எட்டுக்கே கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

சரி, உன் மர்ஃபிக்கு ஒரு யோசனை. இரைச்சல் ரேடியோவில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு, பெட்டியைத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு வா. உள்ளே அலையைப் பிடிக்கிற ஆண்டெனாவாக ஒரு ஃபெரைட் கம்பி இருக்கும். அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்க வேண்டும், நுனி பார்த்தால் சத்தம் விழாது. அதனால் பெட்டியை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார். முதலில் 936. பிறகு முள்ளை அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை கொண்டுபோ. தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், இருட்டில் தனியாக உட்காராதே. என்னென்ன கேட்டது, எத்தனை மணிக்குக் கேட்டது என்று ஒரு தாளில் குறித்து அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு.

உன்
பழைய அறைத்தோழன்