நீங்கள் அறுத்த பெஞ்சுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமான சேகரத்தாருக்கு ஸ்தோத்திரம்.

சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் மைக்கைக் கையில் கொடுத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால் இந்த மடல்.

முதலில், சக்கர நாற்காலியில் வரும் என் மகளுக்காகப் போட்ட சாய்தளம். ஆலயத்தின் மேற்கு வாசலில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஆறடி நீளத்தில் ஒரு சறுக்கு போட்டால் வேலை முடிந்தது என்றார் கொத்தனார். ஓய்வுபெற்ற ஓவர்சீயர் அண்ணாச்சி விடவில்லை. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும், அப்படியானால் 18 அடி, அதற்கு மேல் நாற்காலி திரும்பச் சமதளம் வேறு என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். பைக் நிறுத்துகிற இடத்தில் பாதி போயிற்று. கமிட்டியில் முணுமுணுப்பு எழத்தான் செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்கள் என்பதில் வழிபாட்டு இடங்களையும் சேர்த்திருக்கிறது என்று செயலாளர் வாசித்துக் காட்டியதும் அடங்கியது.

அதற்கு முன் என் மகளை நாற்காலியோடு தூக்கி ஏற்றிய தம்பிமாருக்கும் நன்றி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வயசுப் பெண்ணை வாரந்தோறும் நாலு பேர் தூக்குவதும், அதை ஊரே திரும்பிப் பார்ப்பதும் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? வேதத்தில் திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சேர்க்கக் கூரை வழியே இறக்கிய நாலு பேரைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

அப்புறம் அந்த பெஞ்சு. ஆலயத்துக்குள் வந்த பிறகும் அவளுக்கு இடம் நடைபாதையில்தான். காணிக்கைப் பை எடுப்பவர் அவளைச் சுற்றிக்கொண்டு போவார். பெண்கள் பக்கம் ஐந்தாவது வரிசை பெஞ்சில் மூன்றடி அறுத்துவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கலாம் என்றார் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. அது ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தா ஞாபகமாகக் கொடுத்த தேக்கு பெஞ்சு, பெயர் பொறித்தது. கேட்கவே எங்களுக்குத் தயக்கம். அந்த வீட்டுப் பெரியம்மா, "பேரு இருக்கிற பக்கத்தை விட்டுட்டு அறுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இப்போது பாடகர் குழுவில் யார் சுருதி தப்பினாலும் அந்த வரிசையில்தான் முதல் சிரிப்பு. என் மகள் சத்தமும் அதில் உண்டு. முன்பெல்லாம் அவள் சத்தம் எழுப்பினால் தலைகள் திரும்பும்.

குருவானவர் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதத்தால் அவளுக்கு விழுங்குவது சிரமம். திருவிருந்தில் அப்பத்தைச் சிறியதாகப் பிட்டு, திராட்சரசத்தில் தோய்த்து, அவள் வாயை மூடி விழுங்கும்வரை குனிந்தபடியே நிற்கிறீர்கள். வரிசை காத்திருக்கிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் கேட்காமல் கொள்ளாமல் அவள் தலையில் கைவைத்து, பெற்றோர் செய்த பாவம் என்று ஆரம்பித்தபோது நடுவில் வந்து நிறுத்தியதும் நீங்கள்தான். பிறவிக்குருடனைப் பற்றிச் சீஷர்கள் அதையே கேட்டபோது அப்படி இல்லை என்று ஆண்டவர் மறுத்ததை அவருக்கு அங்கேயே நினைவுபடுத்தினீர்கள். அன்று நான் வீட்டுக்கு நிமிர்ந்து நடந்தேன்.

வாலிபர் ஞாயிறன்று அவள் சங்கீதம் வாசித்தாள். 117ஆம் சங்கீதம், இரண்டே வசனம். இருப்பதிலேயே சின்னதை அவளே தேர்ந்தெடுத்தாள், கெட்டிக்காரி. சொல்லுக்குச் சொல் நின்று நின்றுதான் வந்தது. முன்வரிசை அக்காமார் வழக்கமாக அவளுக்காக மீதிச் சொல்லை முடித்துக் கொடுப்பார்கள். அன்று வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்!

அசனப் பந்தியில் மேசை போட்ட சமையல் குழுவுக்கும் நன்றி. அவளுக்கென்று போட்ட மேசையில் முட்டிவலிக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்ததால் அடுத்த முறை மூன்று மேசையாவது வேண்டும்.

நன்றி சொல்கிற சாக்கில் ஒரு விண்ணப்பமும் உண்டு. பின்புறக் கழிப்பறையின் வாசல் குறுகல், நாற்காலி நுழையாது. ஆராதனை நீண்டால் பாதியில் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஓவர்சீயர் அண்ணாச்சி டேப்போடு வந்து அளந்துவிட்டார். கமிட்டி கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இப்படிக்கு,
ஐந்தாவது வரிசைப் பிள்ளையின் அம்மா