எந்த ஒயராக இருந்தால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த எச்டி டிவி வாங்குவோருக்கான கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘எந்த ஒயரில் இணைத்தாலும் எச்டி டிவியில் எச்டி படம்தான் தெரியும்; இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள வேண்டாம்’ என்று ஒரு வரி. நான் அலட்டிக்கொள்ளாத ஆள்தான். அதனால்தான் இரண்டு வருடம் புது எச்டி டிவியில் பழைய டப்பா டிவியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செட்டாப் பாக்ஸோடு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் வந்தது. பொருத்த வந்தவர் கலருக்குக் கலர் பார்த்துச் செருகினார், படம் வந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். செய்தி வாசிப்பவர் நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை அணிந்து வந்தால் அதன் மேல் வானவில் நெளியும். கீழே ஓடும் சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வது மாதிரி புள்ளிகள் ஊரும். கண்ணாடியை மாற்றுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். மாற்றினேன். எறும்பு அங்கேயேதான் இருந்தது. ஒருநாள் மைத்துனன் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அத்தான், இன்னும் மஞ்சள் பின்னிலேயே ஓட்டுறீங்க?” என்று சிரித்தான். படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாக ஒரே ஒயரில் கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஒயரை மாட்ட அரை நிமிடம். அப்புறமும் பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் வரிக் கணக்கு 576 என்றே கிடந்தது. அதை 1080 ஆக்க இன்னொரு அரை நிமிடம். எறும்பு போயே போய்விட்டது.

உங்களுக்குத் தெரியாததா? மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. டிவியால் அவற்றைச் சரியாகப் பிரிக்க முடியாத இடத்தில்தான் வானவில்லும் எறும்பும். அதில் வரும் படம் அதிகபட்சம் 576 வரி, சுமார் நான்கு லட்சம் புள்ளிகள். முழு எச்டி என்பது 1080 வரி, இருபது லட்சம் புள்ளிகளுக்கு மேல். மீதிப் பதினாறு லட்சத்தை டிவி தானாக யோசித்துப் போட்டுக்கொள்ளும் என்று உங்கள் கட்டுரையாளர் நம்புகிறார் போலிருக்கிறது. அவருடைய டிவி மிகவும் கெட்டிக்கார டிவி.

இது முதல் முறையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் கேள்வி-பதில் பகுதியில் ஒரு முறை, படத்தை மூன்று ஒயரில் பிரித்து அனுப்பும் காம்போனென்ட் இணைப்புக்குச் ‘சிவப்பைச் சிவப்பில் செருகினால் போதும்’ என்று பதில் வந்தது. அதில் படத்துக்கு ஒரு சிவப்பு, ஒலிக்கு ஒரு சிவப்பு என்று இரண்டு உண்டு என்பதைச் சொல்ல இடம் போதவில்லையோ என்னவோ. உங்களை நம்பிச் செருகினேன். முகமெல்லாம் பச்சை தட்டியது, ஸ்பீக்கர் உர்ர்ர் என்றது. காம்போனென்டைக் குறை சொல்லவில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாகப் பிரிந்து வருவதால் எச்டியும் அதில் நன்றாகவே வரும். ஆனால் 2013-ஆம் வருடத்தோடு எச்டி படத் தட்டு ஓட்டும் புளூ-ரே பிளேயர்களில், காம்போனென்ட், மஞ்சள் ஒயர் போன்ற அனலாக் (டிஜிட்டல் அல்லாத) வழியாகப் படம் தருவதற்கே முழுக்குப் போட்டுவிட்டார்கள். பதில் வந்தபோது அதுவும் பழைய செய்திதான்.

அதற்கு முன்னால் தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ ஒயரில் ‘வண்ணங்கள் செழுமையாகத் தெரியும்’ என்று எழுதினீர்கள். வாங்கினேன். முலாம் பின் கறுக்காமல் காக்கும், அவ்வளவுதான். டிஜிட்டல் சிக்னல் ஒழுங்காக வந்து சேர்ந்தால் முழுப் படம், சேராவிட்டால் மினுக்குப் புள்ளி, இல்லை கறுப்புத் திரை. நடுவில் செழுமைக்கு ஏது இடம்? இரண்டு பக்கமும் திருகு வைத்த, கணினித் திரைக்கு மாட்டும் டிவிஐ ஒயரின் படத்தைப் போட்டுக் கீழே ‘எச்டிஎம்ஐ’ என்று அச்சிட்டதற்கும் அன்றே கடிதம் எழுதினேன். அது வரவில்லை. அட்டைப்படம் அருமை என்று ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. அட்டைப்படம் அருமைதான், மறுக்கவில்லை.

வாங்கப் போகிறவருக்குச் சொல்லவேண்டியது எத்தனையோ இருந்தது. என் டிவியில் எச்டிஎம்ஐ பின் இரண்டே இரண்டு. ஒன்றில் செட்டாப் பாக்ஸ், ஒன்றில் பிளேயர். சவுண்ட்பார் வந்தபோதுதான் அதற்கு டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், ‘ஏஆர்சி’ என்று பெயர் போட்ட எச்டிஎம்ஐ பின்தான் வேண்டும், அதில் ஏற்கெனவே பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. இன்னொரு பின் நேராகச் சுவரைப் பார்த்து நிற்கிறது. டிவியைக் கழற்றாமல் விரல்கூட நுழையாது. வாங்கும்போது டிவியைத் திருப்பி முதுகைப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருக்கும்?

இருபத்திரண்டு வருடச் சந்தாதாரன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த இதழில் டிவியின் பின்பக்கப் படம் ஒன்றை உள்ளங்கை அளவிலாவது போட்டு, ஒவ்வொரு பின்னுக்கும் பெயர் எழுதுங்கள். கலரில் போடுங்கள். சென்ற இதழில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, ‘மஞ்சள் பின்னைக் கவனியுங்கள்’ என்று அம்புக்குறி போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
இந்தக் கடிதமும் வராது என்று தெரிந்தே எழுதும் வாசகன்