'என்சைம்' எதிலிருந்து வருகிறது? சோளச் சிப்ஸ் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவில் டோர்ட்டியா எனும் சோளச் சிப்ஸும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் டிப்பும் இறக்குமதி செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வீட்டில் அம்மா, நான், எட்டு வயது மகன். தைப்பூசத்துக்கு முன்னால் 48 நாளும் எங்கள் வீட்டில் சைவம்தான். அம்மா வருடம் தவறாமல் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பார். இந்த முறை மகனும் சின்னக் குடம் எடுக்கிறேன் என்று விரதம் இருந்தான்.

விரதம் தொடங்கி மூன்றாவது வாரம், கூட்டாளி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு ஒரு பையோடு வந்தான். உள்ளே முக்கோணச் சிப்ஸ் ஒரு பாக்கெட், சீஸ் சுவை. கூடவே சின்ன டப்பாவில் மஞ்சளாகச் சீஸ் டிப். அவன் பிரிக்கவில்லை. நேராகப் பாட்டியிடம் கொண்டுபோய், "இது சைவமா பாட்டி?" என்று கேட்டான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்து தெரியவில்லை என்று கைப்பேசி வெளிச்சத்தையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். சோளம், எண்ணெய், உப்பு, சீஸ் தூள், வெங்காயத் தூள். அப்புறம் 'என்சைம்'. விரல் அங்கேயே நின்றுவிட்டது. "இது எதுலேர்ந்து வருதுன்னு போடலையேப்பா" என்றார்.

அம்மா கேட்டதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

சீஸ் செய்யப் பாலை உறைய வைக்க வேண்டும். அதற்குக் காலங்காலமாகப் பயன்பட்டது ரென்னெட் என்ற பொருள். பாலை உறைய வைக்கும் என்சைம் அதில்தான் இருக்கிறது. அது கன்றுக்குட்டியின் நாலாவது இரைப்பையிலிருந்து எடுப்பது. கோழியும் மீனும் சமைக்கிற நாளில்கூட மாட்டைத் தொடாத வீடு எங்களுடையது. அதனால் இது விரத காலத்துக் கவலை மட்டும் இல்லை. ஆனால் அதே என்சைமை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரிக்கலாம். அந்த முறைக்கு அமெரிக்காவில் 1990-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. அங்கே இன்றைக்குச் செய்யும் சீஸில் பெரும்பங்கு அந்த வகைதான். அப்படியென்றால் என் மகன் கையில் இருந்த பாக்கெட்டில் மாடே சம்பந்தப்படாமல் இருந்திருக்கலாம். பிள்ளை சும்மாவே ஏங்கியிருக்கலாம். எனக்கு மனசு ஆறாதது அங்கேதான்.

பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருந்தது. என் முஸ்லிம் தோழிகளுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். கடையில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். அந்த நிம்மதியைத்தான் நானும் கேட்கிறேன். முறைப்படி அறுத்த மாட்டிலிருந்து வந்தது ஹலால்தான், எங்களுக்கு ஆகாது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ அவற்றிலிருந்து வரும் பொருளோ இருந்தால் லேபிளில் சொல்லச் சொல்கின்றன. சொல்லவில்லை என்றால் இல்லை என்று நம்பிக்கொள்ளலாமா? இல்லை, என்சைம் அந்தக் கணக்கில் வராது என்று விட்டுவிடுகிறீர்களா? பேரங்காடியில் அலமாரிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

ஓர் இறக்குமதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: எங்கள் பொருள் ஹலால் சான்று பெற்றது, ஆதரவுக்கு நன்றி. நான் கேட்டது அது இல்லை என்று மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

உங்கள் பண்டத்தின் மேல் எனக்குப் பிரியம்தான். அது நமக்கு அந்நியமும் இல்லை. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போட்டு அரைக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. தோல் கழன்று வரும், மாவு பிடிபடும், சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். அந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஊர்களில் நியாசின் குறைவால் பெலாக்ரா என்ற நோய் வந்தது. டோரிட்டோஸ் என்ற பிரபல சிப்ஸ் 1966-இல் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தபோதுகூட வெறும் வறுத்த சோளச் சுவைதான். சீஸ் தூள் பிற்பாடு வந்தது. சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சால்சாவை முதன்முதலில் ருசி பார்த்த அம்மா, "நம்ம தக்காளிச் சட்னிதான், தாளிக்கலை, அவ்வளவுதான்" என்றார். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவைதானே.

சோளமும் எண்ணெயும் உப்பும் யாரையும் தடுக்கவில்லை. மேலே தூவுகிற தூளிலும் தொட்டுக்கொள்ளும் டிப்பிலும்தான் சிக்கல்.

சென்னையிலிருந்து தங்கை வரும்போது கொண்டுவருகிற சிப்ஸ் பாக்கெட்டுகளில் பச்சைப் புள்ளி இருக்கும். அங்கே சட்டம் அப்படி. மகனே பார்த்துத் தெரிந்துகொள்கிறான், யாரையும் கேட்பதில்லை. இங்கே கேட்கிறவர்கள் நாங்கள் மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சீனர்களின் ஒன்பது பேரரசர் விழா நாள்களில் ஜார்ஜ்டவுனில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகளைப் பாருங்கள். அந்த ஒன்பது நாளும் சீனர்கள் எத்தனை பேர் இதே மாதிரி பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்!

புதிதாகப் பாக்கெட் அச்சடிக்கச் சொல்லவில்லை. இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டத்தான் செய்கிறீர்கள். அதில் ஒரு வரி சேருங்கள். என்சைம் நுண்ணுயிரிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, அதைச் சொல்லுங்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்க்க, எண் 471 என்று போடுகிற குழம்பாக்கி தாவரக் கொழுப்பா, விலங்குக் கொழுப்பா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விலங்கு என்றால் விலங்கு என்றே போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம், வேறு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். தயாரிப்பாளரைக் கேட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் கேட்டால் எனக்கு யார் சொல்வார்கள்?

மகன் குடத்தை நல்லபடியாகச் சுமந்து படி ஏறி இறங்கினான். விரதமும் முடிந்தது. அந்தப் பாக்கெட்டும் டப்பாவும் இன்னும் குளிர்ப்பெட்டியின் மேல் இருக்கின்றன, பிரிக்காமல். வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறான், "அவங்க பதில் போட்டாங்களாம்மா?"

அன்புடன்,
பினாங்கிலிருந்து ஒரு தாய்